கேட்காமல் வந்த கஷாயம்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வரிசையில் இரண்டு தொழிலுக்குத்தான் கொண்டாட்டம். ஒன்று என்னுடையது, பேட்டரி சார்ஜ் போடுவது. ஈரத்தில் வண்டி கிளம்பாது, கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்னொன்று பக்கத்துச் சீட்டுக் கடை, வண்டி இருக்கைக்கு உறை தைப்பது. வெயிலில் வெடித்த சீட்டை எவனும் கண்டுகொள்ள மாட்டான். முதல் மழையில் அதன் ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்து, ஆபீசுக்குப் போகிறவன் பின்பக்கத்தை நனைத்து மானத்தை வாங்க வேண்டும். அப்புறம்தான் தையல் ஞாபகம் வரும்.

சீட்டுக் கடை ஒரே அறை. முன்பாதியில் கனத்த தையல் மெஷின், சுருட்டி நிறுத்திய ஸ்பாஞ்சு, ஆணியில் தொங்கும் ரெக்சின் தோல்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் குடித்தனம். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கடைக்காரர் தும்மினால் என் மேஜை மேல் இருக்கிற மீட்டர் முள் ஆடும்.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். வண்டியைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும், அளவெடுக்காமலே ரெக்சினில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுவார். அவருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடு கட்டிப் போட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தார். கொடுத்து எழுந்து வந்து கடைத் தையல் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். பசை வாடையும் ஸ்பாஞ்சுத் தூசும் மாஸ்டருக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து வெட்டித் தருவார், அக்கா வெளியே தைப்பார்.

கூடப்பிறந்தவரைத்தான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டார்கள். மாஸ்டருக்கு ஒரே ஒரு அண்ணன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வரிசையில் அவர் பேர் 'செக்கிங்'. அவர் பரிசோதனைக்கே போகவில்லை. "எங்க ரெண்டு பேர் ரத்தமும் வேற வேற. சின்ன வயசுலயே பாத்தாச்சு" என்றார். எந்தச் சின்ன வயசில், யார் பார்த்தார்கள் என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. ஊர் ஊராய் டிக்கெட் எடுக்காதவன் காதைத் திருகிய மனுஷன், தன் முறை வந்ததும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டார்.

இந்த மழையில் மாஸ்டருக்குச் சளி பிடித்தது.

சளி என்றால் உலகத்தில் எல்லாரும் டாக்டர். காலொடிந்தவனிடம் போய் இப்படிக் கட்டு போடு என்று எவனும் சொல்வதில்லை. மூக்கு ஒழுகுகிறவனைக் கண்டால் மட்டும் நாக்கு ஊறுகிறது. பெயின்ட் கடைக்காரர் மிளகைப் பொடி செய்து வந்தார். டீக்கடைக்காரம்மா துளசியைக் கொத்தாக நீட்டினாள். லேத்துக்காரன் ஏதோ படம் பார்த்தானாம், பூண்டை உரித்து மூக்கில் சொருகச் சொன்னான். அக்கா எல்லாவற்றையும் சிரித்த முகமாய் வாங்கி, அவர்கள் தலை மறைந்ததும் குப்பையில் போட்டார்.

"என்னக்கா, இஞ்சித் தண்ணிகூடவா குடுக்கக் கூடாது?" என்று நானே கேட்டேன்.

"எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியாததைக் குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வா, எங்களைக் கேக்காம எதுவும் குடுக்காதேன்னாங்க. அவ்வளவுதான். வெந்நீர், கஞ்சி, அவங்க சொன்ன மாத்திரை."

"மனுஷன் மூக்கடைச்சுத் தவிக்கிறாரே."

"தவிச்சா செத்துட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார். ரெக்சினில் ஊசி இறங்குகிற சத்தம் நாலு கடைக்குக் கேட்கும்.

மறுநாள் குடையை உதறிக்கொண்டு செக்கிங் வந்து நின்றார். குடைத் தண்ணீர் முழுக்க, தைத்து அடுக்கியிருந்த சீட்டுகள் மேல் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மற்றவர் பொருள் நனைவதை அவர் எப்போதுமே பார்த்ததில்லை.

"என்னம்மா, தம்பி குரல் கரகரங்குது?"

"சளி மாமா."

"என்ன குடுத்த?"

"வெந்நீர்."

"வெந்நீரா? சளிக்கு வெந்நீர் குடுத்தா, அது குளிச்சிட்டு தலை துவட்டிட்டு உள்ளேயே உக்காந்துக்கும்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பையிலிருந்து ஒரு காய்ந்த கொடித் துண்டை எடுத்தார். "சீந்தில். இதைக் கஷாயம் வெச்சுக் குடு. சளி, இருமல், காய்ச்சல் எல்லாம் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடும். உடம்புல எதிர்ப்பு சக்தியை அப்படியே தூக்கி நிறுத்தும்."

அக்கா மிதிப்பதை நிறுத்தினார். "அதைப் படுக்க வைக்கத்தான் மாமா காலையும் சாயங்காலமும் மாத்திரை போடுறாரு."

"இதென்ன கூத்து? சக்தியைக் குறைக்கவா மாத்திரை குடுக்கிறான்?"

"ஆமா. அவருக்குள்ள இருக்கிறது என்னோடது. அவர் உடம்புக்கு அது வெளியாள். காவக்காரன் முழிச்சிருந்தா வெளியாளை அடிச்சுத் துரத்திடுவான். அதனால அவனைத் தூங்க வெச்சிருக்கோம். நீங்க வந்து எழுப்பி விட்டுடாதீங்க."

"செடி கொடிம்மா இது. சாமி குடுத்தது. இதுக்கெல்லாமா டாக்டரைக் கேப்பாங்க? ஆடு மாடு கேட்டுட்டா மேயுது?"

"ஆடு மாட்டுக்கு யாரும் கிட்னி மாத்தலையே மாமா."

உள்ளேயிருந்து மாஸ்டர் இருமினார். செக்கிங் கொடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தம்பியைப் பாத்துட்டுப் போறேன். அதுக்காவது டாக்டர் பர்மிஷன் உண்டா?" என்று தடுப்புக்குப் பின்னால் போனார். போய் வெகு நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அக்கா என் கடைப் பக்கம் திரும்பிச் சொன்னார். "பாத்தியா தம்பி? கிட்னி கேட்டப்ப இல்ல. கஷாயம் கேக்காமலே வருது."

அதற்கப்புறம் செக்கிங் தினமும் காலையில் வந்தார். தம்பி மேல் திடீரென்று அவ்வளவு பாசம். மழையானாலும் சரி, முழங்கால் தண்ணீரானாலும் சரி, கக்கத்தில் ஒரு துணிப்பையோடு வந்து, உள்ளே போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவார். அக்காவும் தடுக்கவில்லை. வேனுக்கும் ஆட்டோவுக்கும் மாறி மாறித் தைக்க அவருக்குக் கை போதவில்லை. ஈரக் காற்றில் பசை காயாமல், ஒட்டிய ரெக்சின் பிரிந்து பிரிந்து வந்தது. ஒவ்வொன்றையும் அடுப்பு ஓரம் பிடித்துச் சூடு காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு மூக்குத் திறந்தது. இருமல் அடங்கியது. "பாத்தீங்களா, வெந்நீர்லயே போயிடுச்சு" என்று அக்கா பெருமைப்பட்டதும் என் காதில் விழுந்தது. உள்ளே மாஸ்டரின் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அவர் செருப்புப் போடச் சிரமப்பட ஆரம்பித்தார். பாதம் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு கிப்பு திருட்டுத்தனமா தின்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் மாஸ்டர். அது உண்மைதான். உப்பு தின்னவில்லை.

ஒரு வேனின் நீளச் சீட்டுக்கு ஸ்பாஞ்சு வெட்ட, தடுப்போரம் இருந்த பெரிய சுருளை அக்கா இழுத்தார். சுருளின் நடுவிலிருந்து ஒரு குளிர்பானப் பாட்டில் விழுந்து உருண்டது. அடியில் பாசி நிறத்தில் கொஞ்சம் மிச்சம். திறந்து முகர்ந்தார். நான் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தனை நாளா?"

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒரு வாரம் இருக்கும். கேட்டுது தெரியுமா? அதைக் குடிச்சப்புறம்தான் மூக்கு திறந்துச்சு. தூக்கம் வந்துச்சு. நீ வெந்நீரைத் தவிர வேறென்ன குடுத்த? ஒரு இஞ்சித் துண்டு கேட்டேன், பாம்பைக் கேட்ட மாதிரிப் பாத்த."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் மழையில நனைஞ்சு கொண்டாந்து நீட்டுறான். வேண்டாம்னா மூஞ்சி வாடிப்போயிடுது. என்ன பண்ணச் சொல்ற?"

"உங்க அண்ணன் மூஞ்சி வாடக் கூடாதுன்னு என் கிட்னியைப் போட்டு வாட்டினீங்களா?"

மாஸ்டர் முகம் சிவந்தது. சாதாரணமாக அவர் குரல் உயராது. "உன் கிட்னி, உன் கிட்னி! குடுத்துட்டல்ல? இன்னும் எத்தனை காலத்துக்கு உன்னோடதுன்னு சொல்லிட்டிருப்ப?"

"நீங்க உங்களோடதுன்னு பாத்துக்கிற வரைக்கும்."

அக்கா பாட்டிலை மூடிப் பையில் போட்டார். என்னைப் பார்த்து, "வண்டியை எடு தம்பி" என்றார். பேட்டரி ஏற்றுகிற என் மூன்று சக்கர வண்டியில் தார்ப்பாயைப் போட்டு, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் மழை. தார்ப்பாயின் ஒரு முனையை அக்கா பிடித்திருந்தார், மறு முனையை மாஸ்டர் பிடித்திருந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். கிட்னி சோர்ந்தால் ஏறுகிற கிரியேட்டினின் ஏறிக் கிடந்தது. டாக்டரம்மா தூக்கமில்லாத கண்களோடு அந்தக் காகிதத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை யார் குடுத்தது?"

"எங்கண்ணன். பஸ்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவரு" என்றார் மாஸ்டர். "செடிதானேன்னு..."

"அரளியும் செடிதான். யாராவது அரைச்சுக் குடுத்தா குடிப்பீங்களா?"

மாஸ்டர் தலை குனிந்தார். ஆனாலும் முனகினார். "சளி போச்சே டாக்டர்."

"சளி தானா வந்து தானா போற விருந்தாளி. எதைக் குடிச்சாலும் ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். போற நேரத்துல எதைக் குடிச்சிட்டிருந்தீங்களோ அதுக்குப் பேர் கிடைக்கும். அவ்வளவுதான் சங்கதி." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதாலதான் கிட்னி கெட்டுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சளிக் கிருமியே கிளறி விட்டிருக்கலாம். ஆனா உங்க காவலைத் தூங்க வைக்க நாங்க படாத பாடு படுறோம். அதைத் தட்டி எழுப்பும்னு பேர் வாங்கின கொடியைத் தேடிப் பிடிச்சுக் குடிச்சிருக்கீங்க. நாங்க சொன்னா மருந்துக் கம்பெனிக்காரன் பேச்சு. பஸ்ல டிக்கெட் பாத்தவர் சொன்னா வேதவாக்கு."

அக்கா முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. டாக்டரம்மா அதையும் விடவில்லை.

"நீங்க இவருக்கு என்னம்மா குடுத்தீங்க?"

"வெந்நீர் மட்டும்தான் டாக்டர். ஒரு இலை தழை தொட விடல."

"ஏன்? ஆவி பிடிக்கலாம், தேன் ஒரு ஸ்பூன் குடுக்கலாம். சமையலுக்குப் போடுற அளவுக்கு இஞ்சி தட்டிப் போடலாம். தொண்டைக்கு இதமா இருந்திருக்கும். எல்லாத்துக்கும் கதவைச் சாத்தினா மனுஷன் ஜன்னல் வழியா போவான். போன்ல இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அக்காவின் திருப்தி போன இடம் தெரியவில்லை.

மாஸ்டரைச் சேர்த்துக்கொண்டார்கள். நரம்பில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். அக்கா இரவெல்லாம் அங்கே, பகலில் கடையில். சீட்டு கொடுத்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். என்னிடம் பேட்டரி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்குக்கூட அவர் ஊசி போகிற வேகத்தைப் பார்த்துப் பயமாக இருந்தது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்கிக்கொண்டே தைத்தார். ஒரு தடவை கையை நிறுத்திவிட்டுத் தனக்குத்தானே சொன்னார். "எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னேன். நானும் ஒரு ஆளு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பயம். அதுக்கு அக்கறைன்னு பேர் வெச்சுக்கிட்டேன்."

செக்கிங் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். வார்டுக்குள் வரவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் கதவோரம் நின்று கையசைத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"கொடி சுத்தமான கொடிம்மா. நானே பறிச்சது. அந்த மாத்திரையோட சேந்துதான் கெட்டிருக்கும். மாத்திரைதான் காரணம்."

அக்கா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "மாமா, உங்க தம்பி பொழச்சா கொடியால. போனா மாத்திரையால. உங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி படாது இல்ல?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏறிய கிரியேட்டினின் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. "கொஞ்சம் போனது போனதுதான். மிச்சத்தை வெச்சு ரொம்ப நாள் ஓட்டலாம், ஒழுங்கா இருந்தா" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மாஸ்டர் ஆளே பாதியாகியிருந்தார். கோணலாக வெட்டிய முதல் ரெக்சினை அக்கா ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டு, வேறு துண்டு கொடுத்தார். சாயங்காலங்களில் அந்த வீட்டிலிருந்து இஞ்சி வாசனை வந்தது. டாக்டரம்மாவிடம் எவ்வளவு, எத்தனை தடவை என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு சொட்டு தராமல் தந்தார். அதிலும் கறார்தான்.

மழை ஓய்கிற சமயத்தில் ரத்தப் பரிசோதனைக் காகிதம் வாங்க அக்காவை வண்டியில் கூட்டிப் போனேன். வெளிநோயாளிகள் பகுதியில் ஊரே இருமிக்கொண்டு நின்றது. அந்த வரிசையில், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு செக்கிங் நின்றிருந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தார். தூண் ஒல்லி.

"என்ன மாமா, இந்தப் பக்கம்?"

"சளிம்மா. நெஞ்சுல கட்டிக்கிச்சு. படுத்தா மூச்சு முட்டுது."

"கொடி?"

அவர் தரையைப் பார்த்தார். "கசப்பு எனக்கு ஆகாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே. வாயில வெச்சா குமட்டிடும்."

"ஒரு தடவைகூடக் குடிச்சதில்லையா?"

"இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, காறித் துப்பவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. வரிசை ஒரு அடி நகர்ந்தது. செக்கிங்கும் நகர்ந்தார். பக்கத்து அறையில் ஒருவர் கையில் ரப்பர் பட்டை கட்டி ஊசியேற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் செக்கிங் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார்.

"அன்னிக்கு நான் டெஸ்டுக்கு வராததுக்கு நீ என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும்மா. ஊசிக்குப் பயந்துன்னுதானே? அதில்ல. ஒத்து வரலைன்னு சொல்லிட்டா பரவாயில்ல. நிம்மதியா வந்துடலாம். ஒத்து வந்துருச்சுன்னா என்ன பண்றது? அப்புறம் குடுத்துத்தானே ஆகணும்? அதுக்குதாம்மா... அதான் ஏதாவது செய்யணும்னு தினமும் அதைக் காய்ச்சிக் கொண்டாந்தேன். கை சுடச் சுடக் காய்ச்சினேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். அழுவார் போலிருந்தது. அக்கா இரங்கி இரண்டு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். நானும் எதிர்பார்த்தேன்.

அக்கா அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது எலும்பு டாக்டர் வரிசை. நெஞ்சுச் சளிக்கு அந்தக் கடைசி. போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, காகிதம் தருகிற ஜன்னலுக்கு நடந்தார். செக்கிங் வரிசையை விட்டு, அந்தக் கடைசிக்குப் போய், எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

திரும்பி வரும் வழியில் சிக்னல் விளக்கில் நின்றபோது அக்கா, "கை சுடச் சுடவாம்" என்றார்.

கடையில் மாஸ்டர் தடுப்பைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நின்றிருந்தார். காகிதத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணன் இத்தனை நாளா எட்டிக்கூடப் பாக்கலியே. நீ ஏதாவது சொல்லிட்டியா?"

அக்கா பையை ஆணியில் மாட்டினார், மெஷின் முன்னால் உட்கார்ந்தார், தையலில் நிறுத்தி வைத்திருந்த சீட்டை ஊசிக்கடியில் சரி செய்தார். நான் என் கடைக்குள் போகாமல் நின்றேன்.

"அவருக்குச் சளி பிடிச்சிருக்காம். உங்களுக்கு ஒட்டிக்கும்னு வரலையாம்."

மாஸ்டர் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கு அப்புறம் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

"பாத்தியா? நீதான் அவனை என்னவோ நெனக்கிற. என் மேல உசிரு அவனுக்கு."

"ஆமா" என்றார் அக்கா. கால் மிதியை அழுத்தினார். மெஷின் சத்தத்தில் அப்புறம் அவர் சொன்ன எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.